பிக்கப் வண்டியில் ஐடில் இறங்கினால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது

லோடு ஏற்றிய பிக்கப் வண்டி சிக்னலில் நிற்கும்போது என்ஜின் நடுங்குவதும், முகப்பு விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிவதும், கிளட்சை விடும் நேரத்தில் வண்டி அணைந்து போவதும் ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், இறங்கிவிட்டதற்கான வழக்கமான அறிகுறிகள். இதைச் சொல்லி மெக்கானிக்குகளிடம் யோசனை கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒருவர் ஸ்பீடைக் கொஞ்சம் ஏற்றி விட்டால் போதும் என்பார், இன்னொருவர் டீசல் ஃபில்டரை மாற்றச் சொல்வார், வேறொருவர் புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர் வால்வு அடைத்திருக்கும் என்பார். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இறக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்பவரும் இருப்பார். இவற்றில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் வண்டி உரிமையாளருக்குச் சங்கடம். எல்லாமே ஏதோ ஒரு வண்டியில் உண்மையான காரணமாக இருந்தவைதான். ஆனால் ஒன்றுக்குச் சில நூறு ரூபாயும் அரை மணி நேரமும் போதும். மற்றொன்றுக்குப் பல ஆயிரமும், வண்டி ஓடாத இரண்டு மூன்று நாள் வாடகையும் போய்விடும். ஆகவே இங்கே எடைபோட வேண்டியது எந்தத் தீர்வு சிறந்தது என்பதைக் காட்டிலும், எதை முதலில் செய்தால் குறைந்த செலவில் அதிகம் தெரியவரும் என்பதைத்தான்.

இந்தக் கட்டுரை இரண்டரை லிட்டர் அளவிலான நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் கொண்ட, நம் ஊர்ச் சந்தைகளுக்குக் காய்கறியும் சிமென்ட்டும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளைப் பற்றியது. பெட்ரோல் என்ஜினில் காரணங்களும் சோதனைகளும் வேறு.

முதலில் வண்டி எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் டீசலை அளந்து அனுப்பும் வேலை முழுவதையும் மெக்கானிக்கல் பம்ப் ஒன்றே செய்கிறது. மைக்கோ பம்ப் என்று இன்றும் கடைத்தெருவில் சொல்லப்படும் வகை இதுதான். 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயர் 2008-ல் போஷ் என்று மாறிவிட்ட பிறகும் பழைய பெயர் வாயை விட்டுப் போகவில்லை. புதிய வண்டிகளில் இருப்பது காமன் ரெயில்: உயர் அழுத்தத்தில் டீசலை ரெயில் என்ற ஒரே குழாயில் தேக்கி, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் முறை. பி.எஸ் 4 என்ற புகை மாசு விதி 2010-ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களிலும், 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 வந்தது. இந்த விதிகள் இறுக இறுக மெக்கானிக்கல் பம்ப் வழக்கொழிந்தது. வாங்கிய ஆண்டை மட்டும் வைத்து முடிவுகட்டாமல் பேனட்டைத் திறந்து பார்ப்பதே சரி: நான்கு இன்ஜெக்டர்களின் தலையிலும் மின் இணைப்பு இருந்து, நான்கு குழாய்களும் ஒரே தடித்த இரும்புக் குழாயிலிருந்து பிரிந்து வந்தால் அது காமன் ரெயில். பம்பிலிருந்தே நான்கு குழாய்கள் கிளம்பினால் அது பழைய வகை.

இந்தப் பிரிவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஐடில் இறங்குவதற்கு இரண்டிலும் பொருள் ஒன்றல்ல. மெக்கானிக்கல் பம்பில் கவர்னர் என்ற சுழல் எடைகளும் ஒரு சுருள்வில்லும் தமக்குள் இழுபறி செய்து வேகத்தை நிறுத்துகின்றன. அந்த வில்லின் இழுவை தளர்ந்தாலோ, பம்பில் ஐடிலை வைக்கும் திருகு நகர்ந்தாலோ, வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஐடில் இறங்க முடியும். காமன் ரெயிலில் அப்படி இல்லை. அங்கே என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு ஓர் இலக்கு வேகத்தை வைத்துக்கொண்டு, ஃப்ளைவீல் பக்கத்து சென்சார் காட்டும் உண்மை வேகம் அதற்குக் கீழே சரியும் ஒவ்வொரு முறையும் டீசலைக் கூட்டி மேலே தூக்குகிறது. அப்படித் தூக்கியும் வேகம் ஏறவில்லை என்றால், கேட்ட டீசல் வந்து சேரவில்லை, அல்லது வந்த டீசல் சரியாக எரியவில்லை, அல்லது என்ஜினை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. எப்படியாயினும் உள்ளே ஒரு கோளாறு உண்டு. திருகைத் தேடிப் பயனில்லை.

சோதனைக்கு முன் ஓர் அளவு வேண்டும். பல பிக்கப்களில் ஆர்.பி.எம் மீட்டர் கிடையாது. காதால் கேட்டுச் சொல்வது அனுபவசாலிக்கும் ஐம்பது நூறு சுற்று பிசகும். காமன் ரெயில் வண்டியில் இ.சி.யுவின் தகவலைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் இலக்கு வேகம், உண்மை வேகம் இரண்டையும் ஒரே திரையில் பார்த்துவிடலாம். பழைய வண்டியில் கிராங்க் புல்லியில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டி, கையில் பிடிக்கும் டாக்கோமீட்டரால் அளக்கலாம். இவ்வகை என்ஜின்களுக்கு ஐடில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700-லிருந்து 850 சுற்றுக்குள் இருக்கும். சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். 800 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் என்ஜினில் விநாடிக்குச் சுமார் 27 முறை எரிப்பு நடக்கிறது. 600-க்கு இறங்கினால் அது 20 ஆகிறது. ஒவ்வோர் எரிப்புக்கும் இடையிலான இடைவெளி நீள்வதால்தான் கேபின் கண்ணாடி தடதடக்கிறது. நடுக்கம் வெறும் தொந்தரவு என்று விட்டுவிடவும் கூடாது. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஐடில் மிகவும் இறங்கி, அந்த நேரத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்க நேர்ந்தால் பெடல் கனத்துப் போகும். இறக்கத்தில் லோடோடு ஊர்ந்து வரும் வண்டிக்கு இது ஆபத்து.

ஸ்பீடை ஏற்றி விடுவது

எல்லா வழிகளிலும் மலிவானது இது. ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும், கடைக்காரர் டீ குடிக்கக் கொடுக்கும் காசுக்கே செய்துவிடுவார். மெக்கானிக்கல் பம்பில் இது நியாயமான வேலையும்கூட, ஆனால் இரண்டு சூழ்நிலைகளில் மட்டும்: பம்பை அண்மையில் இறக்கி ஏற்றியிருந்தால், அல்லது கீழே சொல்லப்போகும் டீசல் லைன் சோதனைகள் எல்லாம் முடிந்து, எதிலும் குறை தெரியாமல், என்ஜின் சீராகவே ஓடி, வேகம் மட்டும் குறைவாக இருந்தால். இந்த 'சீராக' என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. ஒரே தாளத்தில் மெதுவாக ஓடும் என்ஜினுக்குத் திருகு மருந்தாகும். தாளம் தப்பித் தப்பி ஓடும் என்ஜினுக்கு அது நோயை மூடி மறைக்கும் போர்வைதான்.

மூடி மறைப்பதால் வரும் நட்டம் மெல்லத்தான் தெரியும். டீசல் லைனில் காற்று நுழைவதால் இறங்கிய ஐடிலைத் திருகி ஏற்றினால் ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு காற்று கூடும்போது மறுபடி இறங்கும், மறுபடி திருகுவார்கள். கடைசியில் லைனைச் சரிசெய்யும் நாளில் ஐடில் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். முதல் கியர் போடும்போது கிளட்ச் குதிக்கும். எங்கே தொடங்கினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. எனவே திருகைத் தொடுபவர் முதலில் பூட்டு நட்டும் திருகும் இருந்த நிலையைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பம்பில் அதே போன்ற இன்னொரு திருகு உச்ச வேகத்துக்கு உரியது. ஈய முத்திரையும் கம்பியும் போட்டிருக்கும். அதைத் தொடும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது. திருகுக்கு முன் ஆக்ஸிலேட்டர் கேபிளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்: பம்பின் லீவர் திருகில் முட்டி நிற்கிறதா, கேபிளின் இழுவையில் தொங்குகிறதா என்பது தெரியாமல் திருகுவது வீண். முன்பு யாரோ ஐடிலைக் கேபிளை இழுத்துக் கட்டியே ஏற்றி வைத்திருந்தால், கேபிள் நீண்டதும் ஐடில் தானாக இறங்கியிருக்கும்.

காமன் ரெயிலில் இந்த வழி ஏறக்குறைய இல்லை. சில ஸ்கேனர்களால் இலக்கு வேகத்தைச் சிறிய அளவுக்கு மாற்ற முடியும். ஆனால் இலக்கு 800 என்றும் உண்மை 650 என்றும் காட்டும் வண்டியில் இலக்கை 900 ஆக்கிப் பயன் இல்லை. 800-ஐயே எட்டாத என்ஜின் 900-ஐ எப்படி எட்டும்? இரண்டு எண்களும் ஒன்றாக இருந்து, இரண்டுமே கையேட்டின் அளவுக்குக் கீழே இருந்தால்தான் இ.சி.யு பக்கம் திரும்பலாம். அது அரிது.

டீசல் லைனும் ஃபில்டரும்

என் கணிப்பில் எந்த வகை வண்டியானாலும் இதுவே முதல் படி. செலவு குறைவு என்பது ஒரு காரணம். காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது இன்னொன்று. இதை முடிக்காமல் அடுத்து எதைச் சோதித்தாலும் அந்தச் சோதனையின் விடையை நம்ப முடியாது என்பது மூன்றாவது. காற்றுக் குமிழி கலந்த டீசலை வைத்து இன்ஜெக்டரைக் குறை சொன்னால், நல்ல இன்ஜெக்டரும் கெட்டதாகவே தோன்றும்.

டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டே வருகிறது. அந்தப் பாதையில் ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலோ ஒரு கிளிப் தளர்ந்தாலோ டீசல் சொட்ட வேண்டும் என்று தரையைப் பார்ப்பவர்கள் உண்டு. இளநீர் உறிஞ்சும் குழாயில் ஊசித் துளை விழுந்தால் நீர் வெளியே ஒழுகாது, வாய்க்குக் காற்றுதான் வரும்; இங்கேயும் அதுவே நடக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டுவது. என்ஜினை ஓடவிட்டுப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்தால் டீசல் தேன் நிறத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரிய வேண்டும். கடுகளவுக் குமிழிகள் வரிசையாக ஓடினால் காற்று நுழைகிறது. ஃபில்டரை மாற்றிய உடனே சில குமிழிகள் வருவது இயல்பு. சில நிமிடம் ஓடிய பிறகும் நிற்காவிட்டால்தான் கோளாறு. அடுத்து அதே குழாயை ஃபில்டருக்கு முன்பக்கம் மாட்டிப் பார்த்தால், ஓட்டை ஃபில்டர் பகுதியிலா டேங்க் பக்கமா என்பதும் தெரிந்துவிடும். ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பின் ரப்பர்தான் பல நேரம் குற்றவாளி.

எந்த நேரத்தில் ஐடில் இறங்குகிறது என்பதும் ஒரு தடயம். இரவு நிறுத்தி வைத்த வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிப் பிடித்து, முதல் ஓரிரு நிமிடம் தள்ளாடிப் பிறகு தேறினால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதற்குக் காற்று நுழைவே முதல் சந்தேகம். மாறாக, காலையில் நன்றாக இருந்து, பைபாஸில் லோடோடு ஓடி என்ஜின் நன்கு சூடான பிறகு மட்டும் ஐடில் இறங்கினால் சந்தேகம் தேய்ந்த பம்ப் மீதோ இன்ஜெக்டர் மீதோ விழ வேண்டும். சூட்டில் டீசல் நீர்த்துப் போய், தேய்ந்த இடைவெளிகளின் வழியே அதிகமாகக் கசிகிறது. ஏற்றத்தில் இழுவை குறைந்து ஐடிலும் தள்ளாடினால் ஃபில்டர் அடைப்பு. அரை மணி நேரம் ஓடிய பிறகு தள்ளாடி, டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டுச் சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இந்தக் கடைசிச் சோதனைக்குக் காசே வேண்டாம்; அதனாலோ என்னவோ யாரும் செய்வதில்லை.

ஃபில்டரைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் டீசலை ஒரு சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிச் சற்று நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் நீர் தனியாகத் திரண்டு நின்றால் டேங்கையும் சுத்தம் செய்தாக வேண்டும். டிரம்மில் வாங்கி வைத்த டீசலை ஊற்றும் வண்டிகளிலும் மழைக்காலத்திலும் இது சாதாரணம். பாத்திரத்தை வெயிலில் சாய்த்தால் வெள்ளித் தூள் போல மினுமினுத்தால் நிலைமை மோசம். காமன் ரெயிலில் உயர் அழுத்தப் பம்ப் தன்னையே அரைத்துக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போயிருக்கும். அத்தகைய வண்டியில் ஃபில்டரை மட்டும் மாற்றி ஓட்டுவது, செலவைப் பெருக்கும் வழி.

இங்கே தேர்வு என்பது ஒரிஜினல் ஃபில்டரா, பாதி விலையில் கிடைக்கும் மாற்று ஃபில்டரா என்பது. பழைய பம்ப் வண்டிக்கு நல்ல பெயர் பெற்ற மாற்று ஃபில்டர் போடுவதில் தவறில்லை. காமன் ரெயிலுக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். ஐடிலில் 250 முதல் 300 பார், முழு லோடில் 1600 பார் வரை அழுத்தம் காணும் பாகங்களின் இடைவெளிகள் அத்தனை நுண்ணியவை. மட்டமான தாள் விட்டுவிடும் தூசியே அவற்றுக்கு அரம். புதிய ஃபில்டர் போட்ட பின் கை பம்பால் டீசலை நிரப்பிக் காற்றை எடுத்துவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்றோடு சுற்ற விட்டால் ஸ்டார்ட்டர் மட்டும் சூடாவதோடு போகாது. டீசலையே மசகாக நம்பியிருக்கும் உயர் அழுத்தப் பம்ப் உலர்ந்து சுழலும்.

காற்றுப் பக்கமும் இ.ஜி.ஆரும்

ஏர் ஃபில்டர் அடைப்பு ஐடிலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஐடிலில் என்ஜினுக்கு வேண்டிய காற்று குறைவு. இ.ஜி.ஆர் அப்படியல்ல. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் அந்த வால்வு கரி படிந்து திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், புதுக் காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். ஐடில் இறங்கி நடுங்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கரும்புகை தள்ளும். கரும்புகை இல்லாமல் ஐடில் மட்டும் இறங்கியிருந்தால் இ.ஜி.ஆரை நான் பட்டியலில் கீழே இறக்கிவிடுவேன்.

வால்வைக் கழற்றிக் கரியைக் கரைத்துச் சுத்தம் செய்வது, புதிதாக மாற்றுவது, தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவது என மூன்று வழிகள் சொல்வார்கள். சுத்தம் செய்த பின் வால்வு கையால் அழுத்தும்போது தடையின்றி நகர்ந்து, விட்டதும் முழுமையாக மூடிக்கொண்டால் அதையே திரும்பப் போடலாம். மோட்டார் உள்ள மின் இ.ஜி.ஆரில் பல் தேய்ந்திருந்தால் சுத்தம் செய்தும் சில மாதத்தில் மறுபடி சிக்கும். அதற்கு மாற்றுவதே சரி. தகடு அடைப்பதைச் சோதனைக்காக ஒரு மணி நேரம் செய்து பார்க்கலாம். அடைத்ததும் ஐடில் தேறினால் நோய் உறுதியாகிவிடும். நிரந்தரமாக அடைப்பது மாசு விதிகளுக்கு எதிரானது என்பதோடு, புதிய வண்டிகளில் இ.சி.யு அதைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிட்டு இழுவையைக் குறைத்துவிடும். சிக்கனம் என்று தொடங்கியது எஃப்.சி நாளில் தலைவலியாக முடியும்.

நாசிலும் இன்ஜெக்டரும்

பெருஞ்செலவு இங்கேதான், ஆகவே சோதனை இல்லாமல் இந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. பழைய பம்ப் வண்டியில் நாசில் எனப்படும் பழைய வகை இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியதும் என்ஜின் சத்தம் மாறி வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த நட்டைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டரே சோம்பேறி. காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலில்கூட அந்தக் குழாயில் இருக்கும் அழுத்தம் டீசலைத் தோலைத் துளைத்து உள்ளே செலுத்தப் போதுமானது. காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சை வரை போகும். பழைய வண்டியில் பழகிய கை புதிய வண்டியிலும் அதே ஸ்பேனரை எடுப்பதைப் பட்டறைகளில் இன்னும் காண முடிகிறது. காமன் ரெயிலில் அதே சோதனையை ஸ்கேனர் வழியாக ஒவ்வோர் இன்ஜெக்டரையும் நிறுத்திப் பார்த்துச் செய்யலாம்.

அதைவிட அதிகம் சொல்வது ரிட்டர்ன் சோதனை. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் தான் பயன்படுத்தாத டீசலில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி அனுப்பும். அந்த ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒன்றுக்கு ஒன்றாக அளவுக் கோடு போட்ட நான்கு சிறு பாட்டில்களில் விட்டு என்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். மூன்று பாட்டில்களில் ஒரே உயரத்தில் டீசல் நிற்க, நான்காவதில் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தால் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அந்த ஒரு இன்ஜெக்டர் ரெயிலின் அழுத்தத்தை ஓட்டைப் பானை போலக் கசியவிடுவதால்தான் மற்ற மூன்றுக்கும் வேண்டியது கிடைப்பதில்லை. நான்கிலும் சமமாக, குறைவாக வந்து, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் மட்டும் இலக்குக்குக் கீழே நின்றால், அல்லது அழுத்தம் ஏறி இறங்கி ஐடிலும் அதோடு ஊசலாடினால், பார்வையை உயர் அழுத்தப் பம்புக்கும் அதன் வாயிலில் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வுக்கும் திருப்ப வேண்டும். அந்த வால்வைப் பல பம்புகளில் தனியாக மாற்ற முடியும். பம்பையே மாற்றச் சொல்லும் முன் அதைக் கேட்டுப் பார்ப்பது உரிமையாளரின் உரிமை.

குற்றவாளி உறுதியான பிறகு சர்வீஸ் செய்ததா, புதியதா, ஒன்றா, நான்குமா என்ற கேள்விகள் வரும். பழைய நாசில்களுக்கு நான்கையும் ஒன்றாக இறக்கி, ஊசி முனை மாற்றி, திறக்கும் அழுத்தத்தைச் சமமாக வைத்து ஏற்றுவதே நல்லது. செலவு தாங்கக்கூடியது, பலன் நிச்சயம். காமன் ரெயில் இன்ஜெக்டரில் நான்கையும் மாற்றச் சொல்வது பல நேரம் தேவையற்றது. பாட்டில் சோதனையில் மூன்று நன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, மூன்றும் எல்லைக்கு அருகில் இருந்தால் மட்டும் நான்கையும் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. சர்வீஸ் செய்த இன்ஜெக்டரை வாங்குவதானால் பெஞ்சில் வைத்து ஐடில், பாதி லோடு, முழு லோடு ஆகிய மூன்று நிலைகளிலும் அளந்த காகிதத்தைக் கேட்க வேண்டும். முழு லோடில் தேறி ஐடிலில் தோற்கும் இன்ஜெக்டர்கள் உண்டு. நமக்கு வேண்டியதோ ஐடில். காகிதம் தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்குவதற்கில்லை.

மாற்றும்போது இரண்டு சிறு விஷயங்கள் விட்டுப்போவது வழக்கம். இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக இ.சி.யுவில் பதிய வேண்டும். பதியாவிட்டால் புதிய இன்ஜெக்டர் போட்டும் ஐடில் தள்ளாடும், புதியதே பழுது என்று முடிவாகிவிடும். அடியில் வைக்கும் செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே ஏறி, சிக் சிக் என்ற சத்தத்தோடு இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இறுகிவிடும். அடுத்த முறை அதைக் கழற்றுவதே தனி வேலை.

என்ஜினைப் பிடித்து இழுப்பவை

ஏ.சி போட்டால் மட்டும், அல்லது ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்டும் ஐடில் இறங்கினால் டீசலைத் தேடும் முன் அந்தந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டால், ஆல்டர்னேட்டர் பேரிங் போன்றவை இறுகியிருக்கின்றனவா என்பது தெரியும். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. காலையில் மட்டும் ஐடில் குறைந்து வெண்புகை வந்தால் தண்ணீர் வெப்ப சென்சார் குளிர்ந்த என்ஜினைச் சூடானதாகக் காட்டுகிறதா என்று ஸ்கேனரில் பார்க்கலாம். பெடல் சென்சாரைப் பலர் சந்தேகிக்கிறார்கள்; அது பழுதானால் பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகள் பெடலுக்குப் பதில் சொல்லாமல் ஐடிலை உயர்த்தியே வைக்கும். இறங்கிய ஐடிலுக்காகப் பெடலை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

எங்கே கொண்டுபோவது

தெருமுனை மெக்கானிக், பம்ப் சர்வீஸ் கடை, கம்பெனி சர்வீஸ் சென்டர் ஆகிய மூன்றில் எதையும் முழுதாக ஒதுக்கவோ முழுதாக நம்பவோ வேண்டியதில்லை. லைன், ஃபில்டர், டேங்க் மூடி, கேபிள் ஆகிய எல்லாவற்றுக்கும் தெருமுனை மெக்கானிக்கே போதும். அவரிடம் அரை நாளில் முடியும் வேலைக்கு மற்ற இடங்களில் டோக்கன் வாங்கவே அந்த நேரம் ஆகும். மெக்கானிக்கல் பம்பும் நாசிலும் என்றால் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைதான். நன்கு பழகிய கடைக்காரர் கம்பெனியைவிட இதில் கெட்டிக்காரராகவே இருப்பார். காமன் ரெயிலில் குறியீட்டைப் பதிவது, ஓட்டத்தின்போது இ.சி.யு தானே கற்று வைத்த மதிப்புகளை அழிப்பது போன்றவை வண்டிக்குரிய ஸ்கேனர் இருக்கும் இடத்தில் செய்ய வேண்டியவை. வாரண்டி இருக்கும் வண்டியை வேறெங்கும் திறக்காமல் நேரே கம்பெனிக்கே கொண்டுபோக வேண்டும். பம்பின் முத்திரை உடைந்திருந்தால் வாரண்டி கேட்க வாயிருக்காது. எங்கே போனாலும், பாகத்தை மாற்றச் சொல்பவரிடம் எந்தச் சோதனையில் எந்த எண் வந்தது என்று கேட்பதே உரிமையாளர் கையில் இருக்கும் ஒரே கருவி.

ஆகவே என் வரிசை இப்படி அமையும். பழைய பம்ப் வண்டியில் கேபிள், டேங்க் மூடி, கண்ணாடிக் குழாய், ஃபில்டர், பிறகு நட்டு தளர்த்தும் சோதனை, தேவையானால் நாசில், எல்லாம் முடிந்து என்ஜின் சீராக ஓடும் நிலையில்தான் திருகு. காமன் ரெயிலில் ஸ்கேனரில் இலக்கும் உண்மையும். பிறகு அதே குழாய், அதே ஃபில்டர். கரும்புகை இருந்தால் இ.ஜி.ஆர், அதற்குப் பின் பாட்டில் சோதனை, அது காட்டும் திசையில் இன்ஜெக்டர் அல்லது பம்ப்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் உழைக்காமல் நின்றால் மிச்சம் இருப்பது, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. நான்கில் ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்தும் ஏறவில்லை என்றால், அதற்கு மேல் ஐடில் வேலை என்று எதுவும் இல்லை. ஹெட்டை இறக்கும் வேலைதான். அந்த மதிப்பீட்டைக் கையில் வாங்கிய பிறகே, வண்டியின் சந்தை விலையோடு அதை ஒப்பிட்டுச் செய்வதா விற்பதா என்று உட்கார்ந்து பேசலாம்.